யானை மார்க், மீன் மார்க்

லாங் பஜார் டயர் கடையில் நிசார் அஹமது இரண்டு டயர்களையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தான்.

கட்டைவிரலால் அழுத்தினான். ஓரத்தை மடக்கிப் பார்த்தான். மேல்விஷாரத்துத் தோல் மண்டிக் குடும்பத்துப் பிள்ளை. எதை வாங்கினாலும் ஆட்டுத்தோல் வாங்குவது போலத்தான் வாங்குவான்.

கடைக்காரர் துரைசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டுமே கப்பலில் வந்த சீமைச் சரக்கு. யானை மார்க்கில் கட்டை கட்டையாக அச்சு. மீன் மார்க்கில் நெளி நெளியாகக் கோடு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தோல் பதனிடும் ஷாப்புக்கு விடுமுறை. தொழுகை முடிந்ததும் பாலாற்று மணலில் மோட்டார் சைக்கிள் பந்தயம்.

பந்தயம் என்றதும் கொடி, கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டே பேர்தான். நிசார் ஒருவன். ஆற்காட்டு ரைஸ் மில் வீட்டு ராமமூர்த்தி இன்னொருவன். ஜெயிப்பது எப்போதும் ராமமூர்த்தி.

மணலைக் கடித்துப் பிடிக்க யானைதான் என்பது நிசாரின் கட்சி. கடிக்கவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு போனால் போதும், மீன்தான் என்பது ராமமூர்த்தியின் கட்சி. இந்தச் சண்டையில் ஒரு ரம்ஜான் மாதம் முழுக்க இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படி ஒரு பிடிவாதம்.

வீட்டில் அண்ணன்மார்களோடு தோலைத் தவிர வேறெதுவும் பேச முடியாது. டயருக்காகச் சண்டை போட அவனுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

இன்றைக்கு நிசாரின் கை மீன் மார்க்கைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றது. அதை வாங்கினால் ராமமூர்த்தி சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வாங்காமல் போகவும் மனம் வரவில்லை.

கடைசியில் இதில் ஒன்று, அதில் ஒன்று கொடுக்கச் சொன்னான்.

"இன்னா பாய், முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணா? வண்டி ஒரு நெலைல நிக்காது. ஜதையா எடுத்துக்குங்க," என்றார் துரைசாமி.

நிசார் முன்சக்கரத்துக்கு யானை, பின்சக்கரத்துக்கு மீன் என்று கையைக் காட்டினான்.

மறுநாள் ஆற்றில் ஈ காக்கை இல்லை. காலைத் தூறலில் மணல் இறுகிக் கிடந்தது. நிசார் வண்டியை முறுக்கிக்கொண்டு போனான். துரைசாமி சொன்னது போலவே அது வாலை ஆட்டியது. இரண்டு தடவை விழப் பார்த்தான்.

ஒரு சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, வந்த வழியே நடந்தான்.

நேராகப் போன இடமெல்லாம் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை அழித்திருந்தது. வளைவில் மட்டும் இரண்டும் பிரிந்து பக்கத்தில் பக்கத்தில் ஓடின. வெளிப்பக்கம் யானை, உள்பக்கம் மீன்.

ராமமூர்த்தி எப்போதும் அந்த வளைவில்தான் உள்பக்கமாக நுழைந்து முந்துவான்.

நிசாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போன வைகாசியில் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்த ராமமூர்த்தியின் பாடைக்குத் தோள் கொடுக்க இவனை விடவில்லை. தெருமுனையில் தள்ளி நின்று பார்த்தான். அன்றைக்குக்கூட வராத அழுகை.

மணலில் உட்கார்ந்து, உள்பக்கத் தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"இந்தத் தபாவும் நீதாண்டா," என்று சத்தமாகச் சொன்னான்.