ஏழு அரைப்புள்ளிகள்

யார் எழுதியதென்று தெரிந்துவிட்டதை முகம் காட்டிக் கொடுக்கக் கூடாது. மோராக் அந்தக் கடிதத்தை மெல்ல மேஜைமேல் வைத்தாள்.

"ஒரே பக்கத்துல ஏழு அரைப்புள்ளி," என்றார் ஆசிரியர் ரேங்கின். "நம்ம பத்திரிகையில அது வரவே கூடாதுன்னு நான் சொல்லிப் பத்து வருஷமாச்சு. இன்னும் யார் கையில ஒட்டிக்கிட்டிருக்கு?"

ஆபர்டீன் துறைமுகத்து மீன் ஆலையில் நடந்த விபத்தின் செய்தியை அமுக்கியது ரேங்கின்தான் என்று பத்திரிகை முதலாளிக்குப் போயிருந்த மொட்டைக் கடிதம் அது.

"நான் போன்ல பேசினது வார்த்தைக்கு வார்த்தை இருக்கு. எவனோ ஒட்டுக் கேட்டிருக்கான். அச்சுக்கு முன்னாடி எல்லார் எழுத்தையும் திருத்தறவ நீ. உனக்குத் தெரியாம இருக்காது. விளையாட்டுப் பக்கம் ஹாமிஷா?"

"அவனுக்கு முற்றுப்புள்ளி வைக்கவே ஞாபகம் இருக்காது."

"அந்த நாடக விமர்சகன்?"

"டக்ளஸுக்கு ஆசைதான். தப்பா வெச்சா சிரிப்பாங்கன்னு பயம். மத்தவங்க அதைப் பந்தான்னு தொடவே மாட்டாங்க."

"அப்போ நீயா?"

"எனக்கு அதை அழிச்சுத்தான் பழக்கம்."

அவர் சிரிக்கவில்லை. "எழுதின விரலை ஒடிக்காம விட மாட்டேன்," என்றார் சாதாரணக் குரலில்.

அது வெறும் பேச்சு இல்லை. போன வருடம் எதிர்த்துப் பேசிய ஒருவனை மாடிப்படியில் தள்ளிவிட்டவர் அவர்.

அரைப்புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒன்று தோன்றும். முடித்துக்கொள்ள மனமில்லாமல், தொடரவும் துணிவில்லாமல், ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் அது. இந்தக் கடிதத்தில் அப்படி ஏழு இடங்கள்.

"சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பறதுக்குள்ள எனக்குப் பேர் வேணும், மோராக். இல்லேன்னா உன் வேலை போயிடும். யோசிச்சுக்கோ."

"யோசிக்க ஒண்ணுமில்ல," என்றாள் அவள், தணிந்த குரலில். "என்னால முடியாது."

கதவை அறைந்து சாத்திவிட்டு அவர் போனார். காலடிச் சத்தம் தேயும்வரை மோராக் அசையவில்லை.

பிறகு, சனிக்கிழமைப் பக்கத்துக்கு ரேங்கினின் மனைவி வீட்டிலிருந்து அனுப்பியிருந்த தோட்டக் கட்டுரையைத் திரையில் திறந்து, வாராவாரம் செய்வதுபோலவே, அவர் கண்ணில் படுவதற்குள் அதிலிருந்த அரைப்புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.