தட்டில் இருந்தது

"வெட்டி எடுத்ததை என்கிட்டதான் காட்டணும். வேற யார்கிட்டயும் காட்டக் கூடாது, ஆமா!"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்ற நர்ஸிடம் மாமியார்க்காரி மறுபடியும் அதையே சொன்னாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே மயக்கத்தில் கிடப்பது அவளுடைய கூடப்பிறந்த தங்கை. சினைப்பையில் கட்டி. புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதும் தங்கையின் மாமியாரான இந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிள்ளை பெத்துக்க முடியுமா, டாக்டர்?"

கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. தங்கையின் கணவனோ கப்பல் வேலையில், நடுக்கடலில். ஒரு குறை கையில் கிடைத்தால் போதும், மகனுக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிடுவாள் என்று அக்கா பயந்தாள்.

கதவு திறந்தது. துணி மூடிய தட்டோடு நர்ஸ் வந்தார்.

அக்கா எழுந்தாள்.

"நீ உட்காரும்மா. நான் பார்த்துக்கறேன்." மாமியார் குறுக்கே புகுந்து முதல் ஆளாய் நின்றாள்.

அக்கா விடவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கட்டி முறுக்கிக்கிட்டதுல இடது சினைப்பையே கறுத்துப் போச்சும்மா. அதையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிடுச்சு," என்றார் நர்ஸ். "வலது பக்கம் நல்லா இருக்கு. குழந்தைக்குத் தடை இல்லைன்னு டாக்டர் சொல்லச் சொன்னாங்க."

அக்கா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் மாமியாரின் போன் அடித்தது. அவளுடைய மூத்த மகள். அந்தக் காதில் ஒரு விஷயம் விழுந்தால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரிதான்.

"என்னம்மா, என்னத்தை எடுத்தாங்க?" குரல் வெளியிலேயே கேட்டது.

போச்சு, எல்லாம் போச்சு என்று அக்கா சுவரில் சாய்ந்தாள்.

"வெறும் கட்டிதான்டி. அதை மட்டும்தான் எடுத்தாங்க. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். வை போனை."

அக்கா திகைத்துப் போனாள். "அத்தை... ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உன் தங்கச்சிக்கு டாக்டர் சொல்லட்டும். புருஷனுக்கு அவளே சொல்லிக்கட்டும். ஊருக்கு எதுக்கும்மா?"

"அன்னைக்குப் பிள்ளை பிறக்குமான்னு கேட்டீங்களே..."

"அவளுக்குக் கேட்க வாய் வரல. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. அதான் நான் கேட்டேன்."

மாமியார் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நர்ஸ் தட்டை மூடி எடுத்துப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பையன் பிறந்ததுக்கு அப்புறம் எனக்கும் இதே ஆபரேஷன்தான். அன்னைக்குத் தட்டைப் பார்த்தது என் மாமியார். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லம்மா. 'அரைப் பொம்பளை'ன்னுதான் கூப்பிட்டாங்க."