மூன்றாவது பச்சை

சக்கரம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். மாரிசாமியின் கண்ணுக்கு வடிவுதான் தெரிந்தாள்.

பதினாறு பேர் உட்காரும் அந்தச் சின்ன விமானம் தென்னைமர உயரத்தில் தலைக்கு மேலே போயிற்று. மூன்றாவது ஜன்னலில் அவன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். அவன் பைனாகுலரை இறக்கிவிட்டுப் பதிலுக்குக் கையை ஆட்டினான்.

"சக்கரத்தப் பாருன்னா யாருக்கப்பா டாட்டா காட்டறே? பேகா பேகா சொல்லு, சீக்கிரம்!" என்று கத்தினார் திடல் அதிகாரி கிருஷ்ணராஜ்.

ரேடியோ அவர் கையில் இருந்தது. பைனாகுலரும் அவருடையதுதான். குதிரைப் பந்தயம் பார்க்க வாங்கியது.

விஷயம் இதுதான். சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டால் பைலட்டுக்கு முன்னால் மூன்று பச்சை விளக்குகள் எரியவேண்டும். இரண்டு எரிந்தன. மூக்குச் சக்கரத்துக்கான மூன்றாவது எரியவில்லை. அந்தச் சக்கரம் பூட்டாமல் இருந்தால், தரையைத் தொட்டதும் மடங்கும். மூக்கு உரசும். அப்புறம் தீ. இவ்வளவையும் கிருஷ்ணராஜ் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தார்.

தொண்ணூற்று நாலு தசரா அது. மைசூரை வானத்திலிருந்து சுற்றிக் காட்டுகிறோம் என்று ஒரு கம்பெனி வந்து, நஞ்சன்கூடு சாலையில் இருக்கும் விமானத் திடலில் இறங்கியிருந்தது. மாரிசாமி அந்தத் திடலில் எடுபிடி ஆள். இன்று ஆயுத பூஜை. காலையில் விமானத்துக்குப் பூஜை போட்டது அவனும் வடிவும்தான். வெளியே சக்கரம், இறக்கையெல்லாம் அவன் பொறுப்பு. உள்ளே எல்லாம் அவள். விமானம் ஓட்டும் கேப்டனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முதல் சுற்றிலேயே அவளுக்கு ஓசியில் ஓர் இடம் கொடுத்தார்.

அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள்.

இவன்தான் விடவில்லை. நம்ம ஊர் ராமாபுரத்தில் எவன் பெண்டாட்டி விமானத்தில் போயிருக்கிறாள் என்று கேட்டு, கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். அந்தக் கையை இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் காக்கிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

தீயணைப்பு வண்டி தயாராகத்தான் இருந்தது. முகப்பில் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடியை மறைத்துச் சாமந்தி மாலை. ஆனால் பூஜை போட்ட வண்டியை எலுமிச்சம்பழம் நசுக்காமல் எடுக்கமாட்டேன் என்று டிரைவர் நஞ்சுண்டசாமி ஒற்றைக் காலில் நின்றார். இருந்த பழமெல்லாம் விமானத்தின் சக்கரங்களுக்கே தீர்ந்துபோயிருந்தது. கடைக்கு ஆள் போயிருந்தான்.

விமானம் இரண்டாவது சுற்று வந்தது. இந்தத் தடவை ஜன்னல் பக்கமே பார்ப்பதில்லை என்று மாரிசாமி பல்லைக் கடித்துக்கொண்டான். சக்கரங்களை எண்ணினான். மூக்குச் சக்கரத்தில் காலையில் அவன் கட்டிய பூச்சரம்கூடப் பாதி அறுந்து ஆடிக்கொண்டிருந்தது.

"இருக்குதுங்! மூணும் இருக்குதுங்!"

இருக்கிறது சரி, பூட்டியிருக்கிறதா? அதைப் பந்தயப் பைனாகுலர் சொல்லாது. எரிபொருள் தீரப்போகிறது, இறங்கத்தான் போகிறேன் என்றார் கேப்டன் ரேடியோவில்.

மாரிசாமி மாதேஸ்வரன் மலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டான். மாதப்பா, அவளைத் தரையில் விட்டுவிடு, உன் மலைக்கு நடந்தே வருகிறேன், மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று மாதேஸ்வரனிடம் பேரம் பேசினான். அதுவும் போதாதென்று தோன்றவே, அவளுக்கும் சேர்த்து மொட்டை என்று சொல்லிவிட்டான்.

பின் சக்கரங்கள் தரையைத் தொட்டன. மூக்கு மெல்ல மெல்ல இறங்கியது. கிருஷ்ணராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

சக்கரம் மடங்கவில்லை. டவுன் பஸ் போல விமானம் சாதாரணமாக வந்து நின்றது. அப்போதுதான் எலுமிச்சம்பழமும் வந்து சேர்ந்தது.

பயணிகள் ஒவ்வொருவராக அழுதுகொண்டே இறங்கினார்கள். விஜயநகர் பென்ஷன்காரர் ஒருவர் செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு ஓடினார். சட்டை தொப்பலாக நனைந்து கேப்டன் இறங்கினார். கடைசியாக வடிவு, தலையில் வைத்த பூக்கூடக் கலையாமல் வந்தாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமே இல்லாமல் மாரிசாமி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

"ஏனுங், ஒரு லைட்டு எரியலீன்னா இத்தன அழுவையா? எனக்கு ஒரு பயமுமில்லீங். காத்தால கேப்டன் சுவிச்சப் போட்டுக் காட்டுனாரில்ல, கீழ ரெண்டு பச்ச, மேல நடுவால ஒரு பச்ச. அப்படியே சாமி மொகமாட்டவே இருந்துச்சு. நெத்தியில இருந்த அந்த லைட்டுக்குச் சந்தனத்தக் கெட்டியாக் கொழச்சு, மேல குங்குமம் வெச்சு, முழுசா அப்பியுட்டேன். அதையும் மீறி நமக்கு என்னங் ஆயிரும்?"

மாரிசாமியின் அழுகை பாதியில் நின்றது. அவள் வாயைப் பொத்திவிட்டு, கேப்டன் காதில் விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தான்.

கேப்டன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விமானத்தின் மூக்குக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.