நல்லது மேடம், இன்னிக்கே முடிச்சிடறேன்

கேஷியரின் மாமனார் காலமாகிவிட்டார் என்ற செய்தியை மேனேஜர் மேடம் காலையில் ஆபீஸ் குரூப்பில் போட்டார். போட்ட சூட்டோடு அவனிடமிருந்து பதில் வந்து விழுந்தது.

'நல்லது மேடம். இன்னிக்கே முடிச்சிடறேன்.'

'என்ன சொல்றீங்க?' என்று மேடம் கேட்டார். அதற்கும் அதே பதில். யாரோ ஒரு புண்ணியவான் சிரிப்பை அடக்க முடியாமல் அழுகிற பொம்மை முகங்களாகப் போட்டுத் தள்ளினான். கேஷியர் குரூப்பை விட்டே வெளியேறினார்.

அவன் அதையெல்லாம் பார்த்தது மத்தியானம்தான். உடனே கேஷியரைக் கூப்பிட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பான்?

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிற கம்பெனி. மெக்கானிக்குகள் முடித்துவிட்டுப் போன புகார்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். செய்கிறார்களோ இல்லையோ, மேடம் குரூப்பில் எது போட்டாலும் உடனே பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால், 'தூங்கறீங்களா?' என்று பெயரைப் போட்டு அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிடுவார். அவர் வாயில் விழுந்து எழுந்தவர்களைத் தேற்றுவதற்கென்றே தனியாக இன்னொரு குரூப் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால்தான் அவன் யாருக்கும் தெரியாமல் தானாகப் பதில் போடுகிற ஒரு 'பாட்' புரோகிராம் எழுதி வைத்திருந்தான். காலை வேளையில் மேடம் எது சொன்னாலும் அவன் பெயரில் அதுவே பதில் போட்டுவிடும். மேடம் என்றால் வேலைதான் ஏவுவார் என்று நம்பி எழுதியது. சாவுச் செய்தியெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்?

ஒரே பதில் இரண்டு முறை வந்ததிலேயே மேடம் குட்டைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் நேரில் வரச் சொல்லி உத்தரவு. மேடம் அவனை உட்காரச் சொல்லவில்லை.

வேலையில் ஏதாவது பாக்கி வைத்திருக்கிறேனா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறவன், அந்த தைரியம்.

"வேலையைப் பத்தி யார் பேசினா?" என்றார் மேடம். "எதிர்ல ஒரு மனுஷன் இருக்கான்னு நம்பித்தானே நான் பேசறேன். ஒரு மெஷினை உக்கார வச்சு எனக்குத் தலையாட்ட விட்டிருக்கீங்க. ஒருத்தரை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா?"

நியாயம்தான். அவனுக்கே அப்படிச் செய்திருந்தால் அவனுக்கும் கோபம் வந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டான். பிறகு, சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னான். அம்மா பக்கவாதத்தில் விழுந்துவிட்டாள். பேச்சு போய்விட்டது. வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறப்பதில்லை. அவன் ஊட்டினால்தான் உண்டு, அதுவும் காலையில் மட்டும்தான் ஏதோ கொஞ்சம் இறங்குகிறது.

"போன் சத்தம் கேட்டா அம்மா வாயை இறுக்க மூடிக்குவாங்க மேடம். போ, போய் வேலையப் பாருன்னு கண்ணாலயே விரட்டுவாங்க. அப்புறம் அன்னிக்குப் பூரா பட்டினிதான். அதான் போனை அமுக்கி வச்சுட்டு, இப்படி ஒண்ணு பண்ணினேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் கொஞ்சம் இளகினாற்போல் இருந்தது. அவனுக்கு நப்பாசை தட்டியது. இந்த வேலை போனால் வெளியே போய்ப் பார்க்கிற வேலைதான் கிடைக்கும். அம்மாவை வாய் திறக்க வைக்க ஆளிருக்காது.

"கஷ்டம்தான்" என்றார் மேடம். "எனக்கும் அம்மா இருக்காங்க, புரியாம இல்ல. ஆனா இன்னிக்கு உங்களை விட்டா நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு மெஷினை வச்சுட்டுப் போயிடுவாங்க. இந்த மாசத்தோட நின்னுக்கங்க. நீங்களே விலகினதா எழுதிக் குடுத்துட்டா பேரும் கெடாது."

"நல்லது மேடம்" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

கதவு வரைக்கும் போனவனை மேடம் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். இந்த முறை உட்காரவும் சொன்னார். மனசு மாறிவிட்டது போலிருக்கிறது என்று அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

மேடம் தன் போனை மேஜைமேல் அவன் பக்கமாக நகர்த்தினார். குரல் தழைந்துவிட்டது.

"எங்கம்மா முதியோர் இல்லத்துல இருக்காங்க. காலையில நான் சாப்டியா, மாத்திரை போட்டியான்னு ஒரு மெசேஜ் போடலைன்னா அங்க ஒரே அழுகை, ரகளை. எனக்கு எங்க நேரம் இருக்கு? நீங்க பண்ணின அதை இதுல போட்டுக் குடுத்துட்டுப் போயிடுங்களேன்."

அவன் போனையே பார்த்தான். மேடமைப் பார்த்தான். கை மட்டும் பழக்கதோஷத்தில் போனை எடுத்துக்கொண்டது.

"அவங்க திருப்பி ஏதாவது கேட்டா என்ன பதில் போகணும் மேடம்?"

மேடம் யோசிக்கக்கூட இல்லை.

"வேற என்ன கேட்கப்போறாங்க, எப்ப வருவேன்னுதான். 'அடுத்த வாரம் வரேம்மா'ன்னு போயிட்டே இருக்கட்டும்."