ஒரே பிரதி

“இனிமே பிழைக்காதும்மா. கொண்டு வந்ததே லேட்டு” என்றார் டாக்டர்.

மருந்துக்கடைச் சீருடையோடு நின்றிருந்த அந்தப் பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவோரத்து நாற்காலியில் அவள் கணவன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். வரிசையில் பின்னால் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்து, கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகளுக்கு நாள் முழுக்க இறப்புச் சான்றிதழ் எழுதுகிறவர் என்பதால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். அந்த மனிதருக்கு இந்தப் பெயர் பிடிக்காது. யார் கேட்டார்கள்?

மேசைமேல் கிடந்த டிஸ்க்குக்கு வாரண்டி முடியப் பதினொரு நாள் பாக்கி இருந்தது. பழையதைக் கொடுத்தால் பத்து நாளில் புதியது வரும். ஆனால் பழையது திரும்பாது. அதற்குள் இருப்பதைக் கம்பெனி எடுத்தும் தராது, நேரே நொறுக்கிவிடும். வெளியே எங்காவது கொடுத்துத் திறந்து பார்க்கலாமென்றால், மேலே ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்த நொடியே வாரண்டி போச்சு. விதியை எழுதினவர்கள் ஒரு சந்துபொந்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

உள்ளே இருப்பது கணவனின் முனைவர் பட்ட ஆய்வேடு என்றாள். நாலு வருட உழைப்பு, அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும், வேறு பிரதி கிடையாது. ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருக்கக் கூடாதா என்று டாக்டருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படித்தவர்கள்தான் இந்த விஷயத்தில் படுமோசம் என்பது அவருடைய பல வருட அனுபவம்.

வீட்டுக்காரன் நிம்மதியாக எழுதட்டும் என்று அந்த நாலு வருடமும் பகலில் மருந்துக்கடை, மாலையில் டியூஷன் சென்டர் என்று இவள்தான் ஓடியிருக்கிறாள். இரண்டு மணிக்குள் கடைக்குத் திரும்ப வேண்டும் என்று அவசரப்பட்டபோது பேச்சோடு பேச்சாக வந்து விழுந்தது இது.

“உள்ள இருக்கிறது ஒண்ணுகூட வராதா சார்?” என்று கேட்டாள்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து அதையே வேறு மாதிரி கேட்டாள். மூன்றாவது தடவை, வராது என்பதைச் சீட்டில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். பல்கலைக்கழகத்தில் காட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கணவன் அப்போதுதான் வாய் திறந்தான்.

“விடும்மா. குடுத்துட்டுப் போலாம்.”

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நாலு வருட உழைப்பை இப்படிக் கைகழுவ வேண்டுமென்றால் மனசு எவ்வளவு விட்டுப்போயிருக்க வேண்டும் என்று டாக்டருக்குப் பாவமாக இருந்தது.

அவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். சாப்பாட்டு நேரத்தில், ஸ்டிக்கரைத் தொடாமல், ஒரு தடவை காப்பி எடுத்துப் பார்க்கிறேன், வெளியே சொல்லிவிடாதீர்கள் என்றார். உங்களுக்கு எதற்கு வீண் சிரமம், வேண்டவே வேண்டாம் என்று அவள் பதறினாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பெண்ணா என்று அவர் மனம் இன்னும் இளகிவிட்டது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் டிஸ்க்கை இணைத்தார். டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. கவிழ்த்து வைத்தார், சில டிஸ்க்குகள் அப்படி வைத்தால் கடைசியாக ஒரு முறை மனமிரங்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே நாற்பது நிமிடம் காத்திருந்தார். ‘ஆய்வேடு’ என்ற ஃபோல்டர் திரையில் வந்து உட்கார்ந்தபோது தொடையில் தட்டிக்கொண்டார்.

திறந்தார். உள்ளே ஒரே ஒரு ஃபைல். தலைப்புப் பக்கம், அடுத்து ‘என்னைச் சுமக்கும் மனைவிக்கு’ என்று ஒரு வரி, பிறகு ‘இயல் ஒன்று’. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. கடைசியாக எழுதிய தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது. டிஸ்க் முழுக்கத் தேடிவிட்டார். மிச்சமெல்லாம் சினிமாவும் சீட்டு விளையாட்டும்தான்.

நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவன் நின்றிருந்தான். மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டாக்டரைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

இதற்கு எந்த விதியும் எழுதி வைக்கப்படவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணின் தலையில் இடி விழும். சொல்லாவிட்டால் அவளை ஏமாற்றுவதில் அவரும் கூட்டு. அவனை நாலு அறை விடலாமா என்றும் இருந்தது, தோளில் தட்டிக் கொடுக்கலாமா என்றும் இருந்தது. கடைசியில் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

கணவன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அவள் அவன் முதுகைத் தடவி, போனது போகட்டும், படிப்பு போதும், இனி ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி, வண்டியை எடுத்து வர அனுப்பினாள். பிறகு சர்வீஸ் சீட்டில் ‘தகவல் எதுவும் மீட்கப்படவில்லை’ என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். டாக்டருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தவள், வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அது காலின்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும் சார், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”