எண்ணெய் ஊற்றிய காலை

"ஏனுங்ணா, இது மறுபடியும் உசுரு புடிக்குமுங்களா?"

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார் கோவிந்தராஜுலு. எழுபது வயது மெக்கானிக். முழங்கையை ஊன்றி மெல்ல வெளியே வந்தார்.

"கஷ்டமுங்க அம்மணி. இருபத்தொரு வருசம் மழையிலயும் வெயில்லயும் நின்னிருக்குது. எடைக்குப் போட்டுட்டா நிம்மதிங்க."

"எடைக்குப் போடறதுன்னா என்னைக்கோ போட்டிருப்பனுங்களே" என்றாள் பழனியாத்தாள்.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், அவளுடைய தென்னந்தோப்பின் மூலையில் நின்றது அந்த லாரி. மூக்கு நீண்ட பழைய மாடல். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. புறவழிச்சாலை போடத் தோப்பை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இந்த எஞ்சின் தெரிந்த ஆள் வேண்டுமென்று கோயமுத்தூர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். நாலு பேர் வந்து பார்த்துக் கைவிரித்துவிட்டார்கள். கோவிந்தராஜுலு மட்டும் கேள்விப்பட்டு, உக்கடத்திலிருந்து தானாகவே பஸ் ஏறி வந்தார். கூலியும் வேண்டாம் என்றுவிட்டார்.

"மருதமலையானே உங்களை அனுப்பி வெச்சிருக்கானுங்க" என்றாள் அவள்.

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இத்தனை வருசம் கழிச்சு இதை ஓட வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

"கருமத்தம்பட்டிக்குப் போகோணுங்க. எம் பொறந்த ஊட்டு வாசல்ல இதைக் கொண்டுபோய் நிறுத்தோணும்."

அவள் கீழே கிடந்த மட்டையின் மீது உட்கார்ந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு சென்னியப்பன் இதுலதான் தேங்கா லோடு ஏத்திட்டுப் போனாருங்க. கூட எந்தம்பி பொங்கியண்ணன். ஓடற ஓட்டத்துலயே எஞ்சின் இறுகி, சக்கரம் பூட்டி, லாரி பாலத்துல கவுந்துபோச்சு. ரெண்டு பேரும் அங்கயே போயிட்டாங்க. 'உன் ஊட்டுக்காரன் எண்ணெய் ஊத்தாம வண்டியெடுத்து எம் புருசனைக் கொன்னுபோட்டான்'னு எந்தம்பி பொண்டாட்டி பூவாத்தா மண்ணை வாரித் தூத்துனா. ஊரும் அதையேதான் சொல்லுச்சு. அன்னையோட பொறந்த ஊட்டுப் படி மிதிக்கலீங்க. எங்காத்தா செத்ததுக்குக்கூட என்னை உள்ள உடலீங்க."

"அவரு எண்ணெய் ஊத்தினாருங்களா?"

"ஊத்தினாருங்ணா! அன்னைக்குக் காலையில நாந்தான் புனலைப் புடிச்சேன். அளவுக் கம்பியை உருவி எனக்குக் காட்டினாரு. போலீசுலயும் சொன்னேன். புருசனைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னுட்டாங்க."

கோவிந்தராஜுலு தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "கொஞ்சம் சுடுதண்ணி வெச்சுக் கொண்டாங்க அம்மணி. இந்தப் பிசுக்கு அப்பத்தான் போகும்" என்றார்.

அவள் தண்ணீரோடு திரும்பி வருவதற்குள் எஞ்சினில் எண்ணெய் தேங்கும் அடித்தொட்டி கழன்று, துடைத்துச் சுத்தமாகிக் கீழே கிடந்தது.

மூன்று வாரம் வேலை நடந்தது. கருகிப்போன பேரிங்குகளை மாற்றினார். பிஸ்டன்களை உருவிச் சீர் செய்தார். டீசல் பைப்புகளை ஒவ்வொன்றாக ஊதினார். சில நாட்கள் சாப்பிடவே மறந்தார். இந்த வயசில் இப்படியும் ஒரு மனுசனா என்று பழனியாத்தாளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை கரும்புகையைக் கக்கிவிட்டு, தடதடவென்று ஓடத் தொடங்கியது. தென்னை மரங்களிலிருந்து காக்கைகள் பறந்தன. பழனியாத்தாள் சேலை மாற்றித் தயாராக நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இப்பச் சொல்லுங்ணா. உள்ள எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டீங்க. எதனால இறுகுச்சு? நீங்க சொல்றதை நான் பூவாத்தாகிட்ட அப்படியே சொல்லோணும்."

கோவிந்தராஜுலு எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சின்ல வேற ஒரு பழுதும் இல்லீங்க அம்மணி. பேரிங்கெல்லாம் எண்ணெய் இல்லாமத்தான் கருகியிருக்குது. எண்ணெய் ஊத்தாமத்தான் எடுத்திருக்காரு."

"நான் புனலைப் புடிச்சனுங்களே?"

"அது வேற நாளா இருக்குமுங்க. துக்கத்துல நாள் மாறிப்போகும்."

அவள் புனலைப் பிடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அதை நிறுத்திப்போடுங்க" என்றாள்.

எஞ்சின் அடங்கியது. அவள் செல்போனை எடுத்தாள்.

"பூவாத்தா... நாந்தாண்டி பழனி பேசறேன். வெச்சுப்போடாத. நீ சொன்னதுதான் நெசம். அவருதான் எண்ணெய் ஊத்தலை. நாந்தான் ஊத்துனாரு ஊத்துனாருன்னு... எனக்கே இப்பத் தெரியலை சாமி. என்னை மன்னிச்சுப்போடு."

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவள் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "எடைக்காரனுக்குச் சொல்லிப்போடுங்ணா. நாளைக்கே எடுத்துட்டுப் போகட்டும்."

"சரிங்க அம்மணி. நான் வாரேனுங்க."

கோவிந்தராஜுலு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். உக்கடம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது, பையின் அடியிலிருந்து கறுத்து இறுகிய ஒரு துணிச்சுருளை எடுத்தார். அடித்தொட்டிக்குள் எண்ணெய் உறிஞ்சும் வாயை அடைத்துக் கிடந்த, பட்டறையில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் துணி அது. இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், லாரி கவிழ்வதற்கு இரண்டு நாள் முந்தி, பட்டறை மூடும் அவசரத்தில் அதை உள்ளேயே மறந்துவிட்டு அந்தத் தொட்டியை முடுக்கிய கையாலேயே, இப்போது அதை ஜன்னல் வழியே ஆற்றில் வீசினார்.