ஏழு நாள் பெட்டி

தனியாக இருந்த அப்பாவைக் காணவில்லை என்பது இன்று காலைதான் தெரிந்தது. அவருடைய அலமாரியில், மடித்த சட்டைகளுக்குக் கீழே, வாசல் கேமராவின் பதிவுகளைச் சேமிக்கும் கறுப்புப் பெட்டி முனகிக்கொண்டிருக்கிறது. அதன் பச்சை விளக்கு, தரையில் மண்டியிட்டிருக்கும், அதைப் பொருத்திக்கொடுத்த கேமராக்காரரின் மூக்குக்கண்ணாடியில் சிமிட்டுகிறது. ஜன்னல் வெயில் டிவியில் விழாமல் தம்பி ஒரு துண்டை விரித்துப் பிடித்து நிற்கிறான். அது அப்பாவின் துண்டு என்பதை இன்னும் கவனிக்கவில்லை. "நீ கூட்டிட்டுப் போயிருப்பேன்னு நெனச்சேன்டா," என்கிறாள் அக்கா, நான்காவது முறையாக. "நான் உன் வீட்டுல இருக்காருன்னு நெனச்சேன்," என்கிறான் தம்பி. இருவருக்கும் நடுவில் ஒரு வாரம் முழுசாகப் போயிருக்கிறது. "இந்தப் பெட்டி ஏழு நாள்தான் தாங்கும்," என்கிறார் கேமராக்காரர். "அப்புறம் பழசு மேலயே புதுசு பதியும். கிளவுட்ல போட்டா ஒரு மாசம் இருக்கும்னு அன்னைக்கே சொன்னேன். பெரியவர்தான், என் வாசலைக் கொண்டுபோய் எவன் கம்ப்யூட்டர்லயோ எதுக்கு வைக்கணும்னார்." தம்பியின் கையில் துண்டு தாழ்கிறது, வெயில் திரையில் பாய, மறுபடி உயர்த்துகிறான். "எந்தப் பக்கம் திரும்புனார்னு மட்டும் காட்டுங்க, போதும்." திரையின் ஓரத்தைத் தாண்டி எட்டிப் பார்க்க முடியும் என்பதுபோல அக்கா கன்னத்தை டிவியோடு ஒட்டிக்கொண்டு குனிகிறாள். கேமராக்காரர் பதிவைப் பின்னால் தள்ளுகிறார், இன்னும் பின்னால். "இதுக்கு முன்னாடி இல்லம்மா." இருப்பதிலேயே பழைய நிமிடம் ஓடத் தொடங்குகிறது. வாசலில் யாரும் இல்லை. திறந்த கேட் மட்டும், இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.